சைலன்சர் புகையும் சென்னியப்பனின் சந்தேகமும்

நாமக்கல் பரமத்தி சாலையில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் பக்கம் போய், சென்னியப்பன் எங்கே என்று கேட்டால், "எந்தச் சென்னியப்பனுங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். "எதுக்கும் சென்னியப்பன்" என்றால் உடனே கைகாட்டுவார்கள். எதைச் சொன்னாலும் "எதுக்கும் ஒருக்கா பாத்துக்கலாம்" என்கிற மனிதர். அதுவே பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பஸ்ஸில் சேலம் என்று பலகை இருக்கும். கண்டக்டர் சேலம், சேலம் என்று தொண்டை கிழியக் கத்துவார். இவர் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம், "ஏனுங்க, இது சேலந்தான் போகுதுங்களா?" என்பார். மகள் நித்யஸ்ரீக்கு மாப்பிள்ளை பார்த்தபோது மூன்று முறை அந்த ஊருக்குப் போய் விசாரித்தார். மூன்றாவது முறை, மாப்பிள்ளை வீட்டோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு குடும்பத்தைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டு வந்தார். "ஒறம்பரை, சொந்தக்காரங்ககிட்டக் கேட்டா நல்லதத்தான் சொல்லுவாங்க. ஆகாதவங்ககிட்டக் கேட்டாத்தான் உள்ளது வரும்" என்று மனைவி ராமாயியிடம் விளக்கம் சொன்னார். ஆகாதவர்களே பையனைப் பற்றிக் குறை சொல்லாததால் கல்யாணம் நடந்தது.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. டேங்கர் லாரிகளில் விரிசல் விட்டால் பற்றவைத்து அடைப்பது வேலை. அந்த வேலையில் சந்தேகப்படாதவன் பிழைக்க மாட்டான். நிறைந்த பெட்ரோல் டேங்க் அவ்வளவு சுலபத்தில் வெடிக்காது. காலி டேங்குதான் எமன். எண்ணெய் போனபிறகு உள்ளே தங்குகிற ஆவியும் காற்றும் கலந்து கிடக்கும். ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால் சென்னியப்பன் எந்த டேங்க் வந்தாலும் தொண்டை வரை தண்ணீர் நிரப்பாமல் வெல்டிங் ராடைத் தொடமாட்டார். தண்ணீர் இருக்கிற இடத்தில் ஆவி ஏது? இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் செய்தார். கை, கால், இரண்டு புருவம் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

அவர் வேலை பார்த்த பட்டறை வெங்கடாசலத்துடையது. அங்கே அவரோடு பற்றவைக்கிற இன்னொரு ஆள் அன்பு. முப்பத்தைந்து வயது, கைவேலை சுத்தம், ஆனால் கண் எப்போதும் போனில். ஃபேஸ்புக்கில் டேங்கர் வெல்டர்களுக்கென்று ஒரு குழு இருந்தது. பதினெட்டாயிரம் பேர். அன்புதான் சென்னியப்பனையும் அதில் சேர்த்துவிட்டான். காலையில் டீ குடிக்கும் நேரத்தில் அவரும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படிப்பார். நல்ல விஷயங்களும் வரும். கண்ட விஷயங்களும் வரும். துத்தநாகப் பூச்சுத் தகட்டைப் பற்றவைத்தால் வருகிற காய்ச்சலுக்குப் பால் குடித்தால் போதும் என்று ஒருவர் எழுதுவார். அதற்கு இருநூறு பேர் கும்பிடு போட்டிருப்பார்கள். சென்னியப்பன் ஒன்றுக்கும் கும்பிடு போட்டதில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அந்தக் குழுவில் 'வெல்டிங் வேந்தன்' என்கிற பெயரில் ஒரு வீடியோ வந்தது. வேந்தன் அங்கே பெரிய ஆள். அவர் சொன்னால் வேதவாக்கு. முகமூடி போட்ட ஓர் உருவம் நின்று கணீரென்று பேசியது. டேங்குக்குத் தண்ணீர் நிரப்பி அரை நாளை வீணாக்க வேண்டாம். ஓடுகிற லாரியின் சைலன்சரிலிருந்து ஓஸ் குழாய் போட்டு, புகையை அரை மணி நேரம் டேங்குக்குள் விடுங்கள். உள்ளே இருக்கிற ஆக்சிஜன் எல்லாம் வெளியேறிவிடும். ஆக்சிஜன் இல்லாமல் நெருப்பு ஏது? தைரியமாகப் பற்றவைக்கலாம், வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆயிரத்து நானூறு பேர் விரும்பியிருந்தார்கள். கீழே "நன்றி அண்ணா", "தெய்வமே" என்று வரிசை. அந்த வரிசையில் அன்பும் இருந்தான்.

"பாத்தீங்களாண்ணா? தண்ணி லாரிக்குக் காத்துக் கெடக்க வேண்டியதில்ல" என்றான் அன்பு.

வெங்கடாசலமும் எட்டிப் பார்த்தார். அந்தக் கோடையில் தண்ணீர் லாரி பிடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய் வந்திருந்தது. "ஏப்பா சென்னியப்பா, செஞ்சு பாக்கலாமா?" என்றார்.

"அவர் கையப் பாத்தீங்களா மொதலாளி?" என்றார் சென்னியப்பன்.

"கையில என்ன?"

"சட்டக் கைல ஒரு பொறி ஓட்டை இல்லீங்க. வெள்ளையா, இஸ்திரி போட்டாப்பல இருக்குது. பத்தவைக்கறவன் சட்டை இப்பிடி இருக்குமுங்களா?"

"புதுச் சட்டையா இருக்கும்ணா. வீடியோவுக்குன்னு போட்டிருப்பாரு" என்றான் அன்பு.

சென்னியப்பன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துபோனார். வாயால் சண்டை போட்டு ஜெயிப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கிற இரும்புப் பீப்பாயைக் கவிழ்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்தார். எண்ணெய் படாத பீப்பாய். பக்கத்து வீட்டு டிரைவரிடம் சொல்லி அவர் லாரியை ஸ்டார்ட் செய்யவைத்தார். சைலன்சரில் ஓஸைச் செருகி, மறுமுனையைப் பீப்பாயின் அடிவரை விட்டு, மேலே ஈரச்சாக்கால் மூடினார். அரை மணி நேரம். பிறகு பூஜை மாடத்திலிருந்து ஓர் அகல் விளக்கை எடுத்துக் கம்பியில் கட்டினார்.

"ஏனுங்க, கார்த்திகைக்கு இன்னும் நாளிருக்குது" என்றாள் ராமாயி.

"இரு புள்ள, ஒண்ணு பாக்கோணும்."

விளக்கை ஏற்றி, சாக்கை விலக்கி, மெல்லப் பீப்பாய்க்குள் இறக்கினார். ஆக்சிஜன் இல்லையென்றால் விளக்கு உடனே அணைய வேண்டும். அது அணையவில்லை. கொஞ்சம் சுணங்கியது, புகையில் மஞ்சளாக மங்கியது, ஆனால் நின்று எரிந்தது. அவர் விளக்கை மேலே எடுத்து, மறுபடி இறக்கினார். அப்போதும் எரிந்தது. மூன்றாவது முறை டிரைவரைப் போனில் வீடியோ எடுக்கச் சொன்னார்.

அந்த வீடியோவைக் குழுவில் போட்டு, கீழே ஒரே ஒரு வரி எழுதினார்: 'விளக்கு எரியற எடத்துல பெட்ரோல் எரியாதுங்களா?'

இரண்டு மணி நேரத்தில் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். பெருசுக்கு வேலை இல்லை என்றார்கள். வேந்தன் அண்ணனுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டார் என்றார்கள். வேந்தனே வந்து, "ஐயா, இன்ஜினை எந்த வேகத்தில் ஓட்டணும்னு தெரியாம செஞ்சா இப்படித்தான்" என்று எழுதினார். எந்த வேகம் என்று சென்னியப்பன் கேட்டார். பதில் வரவில்லை. மறுநாள் காலை டீயோடு குழுவைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. அவரை நீக்கிவிட்டிருந்தார்கள்.

நீக்கப்பட்ட அன்றைக்கே தனியாக ஒரு செய்தி வந்தது. நந்தகுமார் என்கிற பெயர், ரோஜாப்பூப் படம். 'விளக்கு வைத்துப் பார்த்தது சரி. ஆனால் தண்ணீரையும் முழுசாக நம்பாதீர்கள். அடுத்த பெட்ரோல் வண்டி வந்தால் தொடுவதற்கு முன்னால் ஒருமுறை பேசுங்கள்.' கீழே ஒரு போன் எண்.

இந்த ரோஜாப்பூவைச் சென்னியப்பன் முன்னமே கவனித்திருந்தார். யார் என்ன எழுதினாலும் அடியில் வந்து, 'வாயு மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?' என்று கேட்கிற ஆள். மீட்டர் விற்கிற கம்பெனிக்காரனாகத்தான் இருக்க வேண்டும். குழுவிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு ஆறுதல் சொல்லி, அப்படியே ஒரு மீட்டரைத் தலையில் கட்டப் பார்க்கிறான். தண்ணீரை நம்பாதே என்றால் வேறு எதை நம்புவது? அவன் மீட்டரையா? சென்னியப்பன் பதில் போடவில்லை.

அவர் மனசெல்லாம் வேந்தன் மேல்தான் இருந்தது. இந்த ஆள் யார், எந்தப் பட்டறை, யாரிடம் தொழில் பழகினான், ஒன்றும் தெரியாது. தெரியாதவன் சொல்லைக் கேட்டுப் பதினெட்டாயிரம் பேர் பெட்ரோல் டேங்க் மேல் ஏறப் போகிறார்கள். வேந்தனின் ஃபேஸ்புக் பக்கத்தில் வெல்டிங் கண்ணாடி விற்பதாக ஒரு விளம்பரம் இருந்தது. சென்னியப்பன் மகளிடம் சொல்லி ஒரு கண்ணாடிக்கு ஆர்டர் போட்டார். நான்காம் நாள் பொட்டலம் வந்தது. கண்ணாடியை அப்படியே மூலையில் வைத்துவிட்டு, பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த அனுப்புநர் விலாசத்தை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ராசிபுரம், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு.

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு ராசிபுரம் போனார். கீழே நெய்க்கடை. வெண்ணெய் உருக்குகிற வாசம் படிக்கட்டு முழுக்க ஏறியிருந்தது. மாடியில் ஒரே ஓர் அறை. கதவைத் திறந்தவனுக்கு இருபத்தேழு வயது இருக்கும். பெயர் சந்தோஷ்குமார். உள்ளே வட்ட விளக்கு, போன் நிறுத்துகிற கம்பி, மேஜைமேல் சின்னதாக ஒரு வெல்டிங் மிஷின். அதன்மேல் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கப்படவில்லை.

"வேந்தன் நீங்கதானுங்களா?"

அவன் தயங்கி, "ஆமாங்க. நீங்க?" என்றான்.

"விளக்கு வெச்ச பெருசு."

அவன் முகம் வெளுத்தது. ஆனால் உட்காரச் சொன்னான். தண்ணீர் கொடுத்தான். சென்னியப்பன் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "எத்தன ராடு எரிச்சிருப்பீங்க சாமி, இதுவரைக்கும்?"

"ஒரு... ஒரு பாக்கெட் இருக்குமுங்க."

"டேங்க் எத்தன?"

அவன் போன் நிறுத்துகிற கம்பியைத் திருகினான். இன்ஜினியரிங் முடித்து வேலை கிடைக்காமல் இருந்தவன். வெளிநாட்டு வெல்டர்கள் எழுதுகிற மன்றங்களைப் படித்து, தமிழில் பேசி வீடியோ போட ஆரம்பித்தான். முதலில் நூறு பேர் பார்த்தார்கள், பிறகு ஆயிரம். அண்ணா, தெய்வமே என்றார்கள். "நான் பொய் சொல்லலீங்க. அங்க எழுதியிருந்ததத்தான் சொன்னேன்" என்றான்.

"அத எனக்குக் காட்டுங்க."

அவன் போனில் தேடி எடுத்தான். யாரோ ஒரு வெளிநாட்டு விவசாயி எழுதியது. எங்கப்பா அந்தக் காலத்தில் பண்ணையில் பெட்ரோல் இன்ஜின் புகையை விட்டுத்தான் பழைய டேங்குகளைப் பற்றவைப்பார் என்று நாலு வரி. அவ்வளவுதான்.

"பெட்ரோல் இன்ஜின்னு இருக்குதுங்களே. நீங்க லாரி சைலன்சர்ன்னீங்க."

"ரெண்டும் புகைதானேன்னு நெனச்சேனுங்க."

"கீழ இன்னும் என்னமோ போகுதே. அது என்னங்க?"

"மத்தவங்க எழுதினதுங்க. நாப்பது அம்பது பேர் எழுதியிருந்தாங்க. அத நான் படிக்கலீங்க."

"இப்பப் படிங்க."

அவன் போனை மொழிபெயர்க்க விட்டான். கோணல்மாணலான தமிழில் ஒவ்வொன்றாக வந்தது. அவன் சத்தமாகப் படித்தான். 'இதைச் செய்ய வேண்டாம். டீசல் இயந்திரம் சும்மா ஓடுகிறபோது பெரும்பாலும் காற்றையே வெளியே அனுப்புகிறது.' அடுத்தது: 'பெட்ரோல் இயந்திரமும் கூடாது, அதன் புகை விஷம், பொறியும் வரும்.' அதற்கடுத்ததைப் படிக்கும்போது அவன் குரல் இறங்கியது: 'என் மைத்துனர் இதைச் செய்தார். அவரது சவப்பெட்டியை எங்களால் திறந்து வைக்க முடியவில்லை.'

அந்தத் தகவலுக்கு அடியிலேயே இதெல்லாம் இருந்திருக்கிறது. விரலை இரண்டு முறை தள்ளியிருந்தால் போதும்.

"இப்பவே அழிச்சர்றேனுங்க" என்று சந்தோஷ்குமார் தன் வீடியோவைத் திறந்தான். புதிதாக ஒரு பதில் வந்திருந்தது. யாரோ படம் போட்டிருந்தார்கள். அவன் போனைத் திருப்பிக் காட்டியதும் சென்னியப்பன் அதைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படத்தில் இருந்தது அவருடைய பட்டறை. அந்தத் தகரக் கூரை, அந்த வேப்பமரம். நடுவில் ஒரு பெட்ரோல் டேங்கர். அதன் மேல்மூடிக்குள் ஓஸ். 'இன்னிக்கு நம்ம பட்டறைல உங்க முறைதான் வேந்தன் அண்ணா' என்று அன்பு எழுதியிருந்தான். போட்டுப் பத்து நிமிஷம்.

சென்னியப்பன் அன்புக்குப் போன் அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். சென்னியண்ணன் என்று பெயர் பார்த்ததுமே எடுக்காமல் விட்டிருப்பான் என்று அவருக்குத் தெரிந்தது. வெங்கடாசலத்துக்கு அடித்தார். அவரும் எடுக்கவில்லை.

"நீ அடி" என்றார். மரியாதை எல்லாம் கழன்றுவிட்டிருந்தது. "அவன் நம்பர் சொல்றேன். வேந்தன் பேசறேன்னு சொல்லு."

சந்தோஷ்குமார் அடித்தான். இரண்டாவது மணியிலேயே அன்பு எடுத்தான். பின்னால் லாரி இரைச்சல்.

"வேந்தன் பேசறேனுங்க. நிறுத்துங்க. புகையை நிறுத்துங்க. ராடத் தொடாதீங்க. நான் சொன்னது தப்பு."

அந்தப் பக்கம் நம்பவே இல்லை. "வேந்தன் அண்ணனா? நெசமாவா?" என்று கேட்டானே ஒழிய, தப்பு என்ற வார்த்தை அவன் காதில் ஏறவில்லை. நாலு தடவை சொன்ன பிறகுதான் இன்ஜின் சத்தம் நின்றது.

அன்பு நிறுத்தினான். ஆனால் யார் சொல்லி நிறுத்தினான்? இருபத்தெட்டு வருஷம் டேங்க் பார்த்தவன் அடித்தபோது எடுக்காதவன், ஒரு பாக்கெட் ராடு எரித்தவன் சொன்னதும் நிறுத்திவிட்டான். நாளைக்கு இன்னொரு வேந்தன் வந்து இன்னொன்று சொன்னால்? பஸ்ஸில் வரும்போது இதுதான் சென்னியப்பன் மனசை அரித்தது. அன்றைக்கு அவர் எந்த ஊருக்குப் போகிற பஸ் என்று யாரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் அவர் சொன்னபடி தண்ணீர் லாரி வந்தது. டேங்கரில் மூன்று அறைகள். மூன்றையும் நிரப்பினார்கள். விரிசல், இரண்டாவது அறைக்கும் மூன்றாவது அறைக்கும் நடுவில், பக்கவாட்டில் மயிரிழையாக ஓடியிருந்தது. அன்பு தள்ளியே நின்றான். சென்னியப்பன் உடம்பெல்லாம் கண்ணாகச் சுற்றிவந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கைப்பிடி ஓல்டரில் ராடைக்கூடச் செருகிவிட்டார்.

அப்போதுதான் 'தண்ணீரையும் முழுசாக நம்பாதீர்கள்' என்கிற வரி வந்து குறுக்கே நின்றது. அது விற்பனைக்காரன் பேச்சு என்று ஒதுக்கப் பார்த்தார். ஒதுங்கவில்லை. விற்பனைக்காரன் என்பதற்கு என்ன ஆதாரம்? தன் சந்தேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஓல்டரைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணுக்கு அடித்தார்.

ஒரு பெண் குரல் எடுத்தது. "சொல்லுங்க."

"நந்தகுமாருங்களா? அவர்கிட்டப் பேசோணும்."

"இது அவர் போன்தான். நான் அவர் வீட்டுக்காரி, சித்ரா. அவர் இல்லை."

"எப்ப வருவாருங்க?"

"நாலு வருஷம் ஆச்சுண்ணா, அவர் போயி" என்றாள். "அந்தக் குரூப்ல அவர்தான் இருந்தாரு. அவர் போனப்புறம் நான் அவர் பேர்லயே இருக்கேன். நீங்க விளக்கு வச்ச அண்ணன்தானே?"

சென்னியப்பன் அப்படியே லாரி டயர்மேல் உட்கார்ந்தார். கெங்கவல்லிப் பக்கம் அவர்கள் ஊர். நந்தகுமார் ஆத்தூரில் டேங்க் வெல்டர். டேங்க் வெடித்த அன்றைக்கும் தண்ணீர் நிரப்பித்தான் ஏறினார் என்றாள் சித்ரா. தொண்டை வரை நிரப்பித்தான் ஏறினார். அவரும் இருபது வருஷம் அப்படியே செய்தவர். "அவரை யாரும் தப்பாச் சொல்லிக் கெடுக்கலண்ணா. எல்லாரும் சொல்றதத்தான் செஞ்சாரு" என்றாள். இப்போது ஆத்தூர் புறவழிச்சாலையில், டேங்கர்களை நீராவி விட்டுக் கழுவுகிற இடத்தில் வேலை. மீட்டர் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்வது அவள் பொறுப்பு.

"விரிசல் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

சொன்னார்.

"தொடாதீங்க. நாளைக்குக் காலைல முதல் பஸ்ல வர்றேன்."

வந்தாள். நாற்பது வயதுப் பெண், தோளில் ரெக்சின் பை. சென்னியப்பன் அவளையும் ஓரக்கண்ணால்தான் பார்த்தார். பையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு மீட்டரை எடுத்தாள். அதோடு ஒரு சின்ன டப்பாவும் எடுத்தாள்.

"அது என்ன அம்மிணி?"

"அளந்து அடைச்ச வாயு. இத முதல்ல மீட்டருக்குக் காட்டணும். இது கத்தலன்னா மீட்டர் செத்துப்போச்சுன்னு அர்த்தம். செத்த மீட்டர் எல்லா டேங்கையும் நல்ல டேங்குன்னுதான் சொல்லும்."

டப்பாவைக் காட்டியதும் மீட்டர் வீறிட்டது. சென்னியப்பன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தன் கையில் இருக்கிற மீட்டரையே நம்பாத ஒருத்தியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

மூன்று அறைகளின் மேல்மூடியிலும் வைத்துப் பார்த்தாள். சத்தமில்லை. அன்பு பெருமூச்சு விட்டான். ஆனால் அவள் குனிந்து டேங்குக்கு அடியில் போனாள். இரண்டாவது அறைக்கும் மூன்றாவது அறைக்கும் நடுவில் இருக்கிற சுவர் ஒற்றைத் தகடல்ல, இரண்டு தகடு. நடுவில் ஒரு கைப்பிடி அகலத்துக்கு இடைவெளி. அது சென்னியப்பனுக்கும் தெரியும். அந்த இடைவெளியின் அடியில் கசிவு தெரிவதற்காக ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அதன்மேல் யாரோ எப்போதோ பெயின்ட் அடித்து அடைத்திருந்தார்கள். அவள் ஒரு மரக்குச்சியால் பெயின்டைச் சுரண்டினாள். பொறி வரக்கூடாதென்று இரும்புக் கருவியைத் தொடவே இல்லை. துளை திறந்ததும் மீட்டரை அதனருகே கொண்டுபோனாள்.

கொண்டுபோவதற்குள் அது வீறிட ஆரம்பித்துவிட்டது.

துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்து மண்ணில் ஊறியது. வாசம் வந்தது. பெட்ரோல்.

அறைகளில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்த இடைவெளி ஒரு நாளில் நிறையாது. உள்தகட்டில் இருந்த ஊசிமுனைப் பொத்தல் வழியாக எத்தனையோ நாளாகப் பெட்ரோல் அதற்குள் கசிந்து தங்கியிருக்கிறது. வெளியே தெரிந்த மயிரிழை விரிசல் நேராக அந்த இடைவெளிமேல்தான் ஓடியிருந்தது. நேற்று அவர் ராடை வைக்கப் போன இடம் அதுதான்.

"இதே இடந்தான்" என்றாள் சித்ரா. அவ்வளவுதான் சொன்னாள்.

வெங்கடாசலம் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். சென்னியப்பன் மட்டும் அடியில் குனிந்து, அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு வலித்தும் நிமிரவில்லை.

அன்றைக்கு வேலை நடக்கவில்லை. வண்டியை அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு இழுத்துப் போய், அந்த இடைவெளிக்குள் நீராவி விட்டு, வடித்து, ஆறவைத்து, மறுபடி மீட்டர் வைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் அதன் சத்தம் அடங்கியது. பற்றவைக்கத் தொடங்கும் முன்னும் பார்த்தாள். பாதி வேலையில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறையும் பார்த்தாள்.

வீட்டில் சென்னியப்பன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ராமாயி கேட்டுக் கேட்டு அலுத்தபிறகு சொன்னார்: "ஊரெல்லாம் சந்தேகப்பட்டேன் புள்ள. ஏம்பட வேலைய, என் கைய, ஒரு நாளும் சந்தேகப்படல."

"அதுதான் ஒண்ணும் ஆகலியே."

"ஆகாதது என்னால இல்ல. இதுக்கு முந்தி எத்தன வண்டில ரெட்டத் தகட்டு மேல பத்தவெச்சிருப்பேன்? அதெல்லாம் உள்ள காஞ்சு கெடந்திருக்குது. அவ்வளவுதான்."

சந்தோஷ்குமார் வீடியோவை அழித்துவிட்டு, தான் சொன்னது தப்பு என்று புதிதாக ஒன்று போட்டான். முதன்முறையாக முகமூடி இல்லாமல். அறுபத்தொரு பேர் பார்த்துப் பிடித்திருந்தது என்றார்கள். பழைய வீடியோவோ அதற்குள் வேறு பதினொரு குழுக்களில் யார் யாரோ எடுத்துப் போட்டது ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் போய் மன்றாடிக்கொண்டிருப்பதாகச் சென்னியப்பனுக்குப் போன் செய்து சொன்னான். சில இடங்களில் பொறாமைக்காரன் என்று சொல்லி அவனையே நீக்கிவிட்டார்களாம்.

அவன் சொல்லிச் சென்னியப்பனைக் குழுவில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். சென்னியப்பன் நாலு நாள் யோசித்து, மகளை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். தான் இருபத்தெட்டு வருஷம் எப்படிச் செய்தேன், அதில் ஓட்டை எங்கே இருந்தது, ஆத்தூரிலிருந்து வந்த அம்மிணி என்ன காட்டினாள், எல்லாம். துளையின் படம் வைத்தார். அடியில் தன் முழுப்பெயர், பட்டறை இருக்கும் இடம், போன் எண்.

"நம்பர் எதுக்குப்பா? கண்டவங்களும் கூப்புடுவாங்க" என்றாள் நித்யஸ்ரீ.

"கூப்புடட்டும் கண்ணு. ஆள் யாருன்னு தெரியோணுமல்ல."

இருபத்து மூன்று பேர் விரும்பினார்கள். இரண்டு பேர் எந்தக் கம்பெனி விளம்பரம் இது என்று கேட்டார்கள். ஒருவர், தண்ணீர் போதும், பெருசு பயமுறுத்துகிறது என்று எழுதினார்.

மூன்றாம் நாள் சங்ககிரியிலிருந்து ஒரு போன். கரகரத்த குரல்.

"ஏனுங்க, நீங்கதான் அந்த டேங்க் படம் போட்டவருங்களா? நெசமா பட்டறை வெச்சிருக்கறவங்களா, இல்ல மீட்டர் விக்கறவங்களா?"

"பட்டறைல வேலை பாக்கறேனுங்க."

"உங்கள எப்பிடிங்க நம்பறது?"

சென்னியப்பன் நாற்காலியை வசதியாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்ப வேண்டாமுங்க" என்றார். "வண்டி கொண்டாந்தாலும் சரி, சும்மா வந்தாலும் சரி. வந்து துளையக் கண்ணால பாருங்க. ஆத்தூர் அம்மிணி நம்பர் தாரேன், அங்கயும் ஒருக்கா கேளுங்க. எங்க மொதலாளிக்கு ஆகாத பட்டறை ஒண்ணு எதுத்தாப்பல இருக்குது, அவங்ககிட்டயும் கேளுங்க. கேட்டுட்டு வாங்க."

அந்தப் பக்கம் பேனா தேடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றது குரல்.